துரை கத்தியின் வயது

சீப்பு எரிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும். முடி எரிகிற நாற்றம் அல்ல, அது வேறு. அதில் உயிரோடு இருந்த ஒன்றின் கசப்பு இருக்கும். நான் சொல்வது பிளாஸ்டிக் சீப்பு. முதலில் கெட்டுப்போன மிட்டாய் மாதிரி ஓர் இனிப்பு, அப்புறம் தொண்டையில் ஒரு பிடி. போன மாதம் போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் பழைய ஒயர்களைக் குவித்துக் கொளுத்திச் செம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொண்டு விலகி ஓடினார்கள். நான் மட்டும் நின்று நெஞ்சு நிறைய இழுத்தேன். இழுக்க இழுக்கக் கோபம் வந்தது. அந்த மனிதர்மேல் இல்லை. அவர் பாவம், தன் சோலியைப் பார்க்கிறார்.

என் வயதுக்காரர்களே, நமக்கு இப்போது எதையும் மன்னிக்கிற பக்குவம் வந்திருக்க வேண்டுமாம். முட்டிக்குத் தைலம், மனசுக்குச் சாந்தம். தைலம் வந்துவிட்டது. மற்றது வரவில்லை. ஒரு கத்தி எந்தக் காலத்தது என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தெரியாத பெரியவர்களால் என் அப்பா திருடர் ஆனார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே, மேகம் வீட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிற உயரத்தில் ஓர் ஏலத்தோட்டம். அம்மா காய் எடுக்கப் போவாள். அப்பா ஸ்டோரில் தீப் போடுகிறவர். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். அடுப்பு வெளியே, சுவரை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பில் இருக்கும். சூடு மட்டும் தகரக் குழாய்களில் ஏறி உள்ளே தட்டுகளுக்கு அடியில் ஓடும். புகை ஓர் இழை உள்ளே போனாலும் காயின் பச்சை செத்துவிடும். காய்க்கு ஆகாத அந்தப் புகையெல்லாம் அப்பாவுக்கு. அந்தச் சாய்ப்பில் எது ஒரு பருவம் தொங்கினாலும் கிழடாகிவிடும். புதுத் துண்டு, புதுக் கயிறு, புதுக் கூடை, எல்லாம். காலண்டரில் இருந்த லட்சுமி கூடப் பருவம் முடிவதற்குள் கறுத்துப் போனாள். அந்த மலையில் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். தெரிந்தவர்கள்தான் செய்தார்கள்.

எங்களை அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. அங்கே அவர் சூப்பர்வைசர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை சாக்ஸ், அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீர் தடவிய பூட்ஸ். முதலாளி வருகிற நாளில் அவர் குரலே மாறிவிடும். மற்ற நாளில் தரையில் நிற்கும் குரல், அன்று குதிகாலைத் தூக்கி நிற்கும்.

அந்த வருடம் காய் எடுப்பு தொடங்குவதற்கு முன் அப்பா போடிக்கு இறங்கிப் போய்த் திரும்பியபோது இடுப்பில் ஒரு கத்தி இருந்தது. சந்தையில் தரையில் துணி விரித்துக் கடை போட்டிருந்த வடக்கத்தி ஆளிடம் வாங்கினாராம். என் முன்கை நீளம். பாலில் டீத்தூள் சிந்தினது போல வெளுப்பும் பழுப்புமான பிடி, அதில் வரிவரியாகப் பள்ளங்கள். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு சிவப்பு வளையம், குங்குமக் கோடு மாதிரி. அழுத்தினால் டப்பென்று பூட்டிக்கொள்கிற பொத்தானோடு தோல் உறை. அந்த டப்புக்காகவே நான் அதைத் திறந்து திறந்து மூடினேன்.

"மடக்குக் கத்தி இல்ல ஆத்தா, முழுக் கத்தி," என்றார் அப்பா. "பிடி என்னது தெரியுமா? மான் கொம்பு."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதுவரை அவரிடம் இருந்ததெல்லாம் தோட்டத்துப் பொருள். தோட்டத்துப் போர்வை, தோட்டத்து விளக்கு, விறகு பிளக்கிற தோட்டத்து வாக்கத்தி.

தோட்டத்துக் கருவிகளில் தோட்டத்தின் எழுத்தைக் குத்தியிருப்பார்கள். சொந்தக் கத்தி வைத்திருப்பவர்கள் பிடியில் தங்கள் குறியைச் சுட்டுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில், அந்த வரிசை வீடுகளுக்குள், இரவல் போய்க் கைமாறிவிடும். ஒருவர் பிறை வைத்திருந்தார், ஒருவர் குறுக்குக் கோடு. அப்பா ஓர் ஆணியை அடுப்பில் பழுக்க வைத்து மூன்று புள்ளி வைத்தார். நான் அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் புள்ளியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"அப்பா, சீப்பு நாறுது."

"கொம்பச் சுட்டா அப்பிடித்தான் நாறும்."

"அன்னைக்கி ஆட்டுத்தலை வாட்டுனாகள்ல, கொம்பு கருகிச்சே, அது முடி மாதிரியில்ல நாறுச்சு?"

"அது ஆடு. இது மான். மானும் ஆடும் ஒண்ணாக்கும்?"

மான் கருகி நான் பார்த்ததில்லை.

அந்தப் பருவம் முழுக்க அந்தக் கத்தி எங்கள் வீட்டில் ஓர் ஆளாக இருந்தது. சாக்குக் கட்டும் சணலை அறுக்கும். பற்றவைக்கச் சிராய் சீவும். அம்மா கெண்டைக்காலில் ஊறி உப்பிய அட்டையைக் கத்தி முதுகால் வழித்துத் தீயில் போடுவார் அப்பா. சுர்ரென்று ஒரு சத்தம். பலாப்பழம் அறுத்தால் பால் ஒட்டும், எண்ணெய் தேய்த்துக் கழற்றுவார். பச்சைக்காய்ச் சாறு பட்ட கை எப்படிக் கறுக்குமோ அப்படிப் பிடியும் கறுத்தது. இரவும் பகலும் அடுப்பு வாய்க்கு மேலே ஆணியில் தொங்கிற்று. வெளுப்பு போய்த் தேன் நிறமானது. தேன் போய்ப் புளி நிறமானது. தோல் உறை சுருங்கி, விளிம்பு மடிந்து, தாத்தாக் காலத்துச் செருப்பு மாதிரி ஆனது. காய் எடுப்பு முடிகிறபோது அந்தக் கத்தி ஒரு நூறு வயதுக் கத்தி. அலகை மட்டும் யாராவது உருவிப் பார்த்திருந்தால், சாரல் ஓயாத அந்த மலையில் அதில் ஒரு துருப்புள்ளி இல்லை என்பது தெரிந்திருக்கும்.

முதலாளி ஜீப்பில் வந்தார். குளிருக்குச் சாய்ப்பில் ஒதுங்கினார். மாதிரிக்குக் காய் பார்க்க ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். அப்பா கத்தியை உருவிச் சணலை அறுத்துவிட்டு உறையில் போட்டார். கொடுமை என்னவென்றால், முதலாளி கேட்கவே இல்லை, அப்பாவாகத்தான் சொன்னார்:

"மான் கொம்பு மொதலாளி."

முதலாளி உறையோடு வாங்கிப் பிடியைப் பார்த்தார். "பழசாவுல்ல தெரியுது. எங்கய்யா பிடிச்ச?"

குதிகாலைத் தூக்கிய குரல் ஒன்று பின்னாலிருந்து வந்தது. "பங்களாவுல தொரை கத்தின்னு சொல்லுவாகளே மொதலாளி. ஆணி இன்னும் இருக்கு."

மாமா அதை எதற்காகச் சொன்னார் என்று இவ்வளவு வருடமாக யோசித்துவிட்டேன். கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. முதலாளிக்கு முன்னால் சொல்வதற்கு அவரிடம் சுவாரசியமான ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தலைகீழாக்க அது போதுமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பங்களா, தோட்டத்தை முதலில் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை கட்டியது. அவர் சுதந்திரத்துக்கு முன்பே விற்றுவிட்டுக் கப்பலேறியவர். கூடத்துச் சுவர் மரப்பலகை. அதில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே, கறுத்த பலகையில் கத்தி வடிவத்தில் ஒரு வெளிறல். துரையின் வேட்டைக் கத்தி அங்கே தொங்கியதாம். அது எங்கே போனது என்று ஊரில் ஓயாத பேச்சு. துரையே தன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் எதையும் விட்டுவிட்டுத்தான் போவார், நம் ஆள் எதையும் எடுத்துக்கொண்டுதான் போவான். அப்படி ஒரு கணக்கு.

எல்லோரும் பங்களாவுக்குப் போனார்கள். நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மாமா உறையோடு கத்தியை அந்த வெளிறலில் வைத்துப் பார்த்தார். என் கண்ணால் பார்த்தேன். கத்தி குட்டை. கீழே ஒரு கை அகலம் வெளிறல் மிச்சமிருந்தது.

"தீட்டித் தீட்டித் தேஞ்சிருக்கும் மொதலாளி," என்றார் மாமா.

இதைக் கேளுங்கள். தீட்டினால் அலகு அகலத்தில் ஒடுங்கும், காய்கறி நறுக்குகிற அரிவாள்மனைகூடச் சொல்லும். நீளத்தில் ஒரு கை அகலமா குறையும்? குறைந்தாலும், உறையுமா தீட்டிக் குறைந்தது? அங்கே நின்ற எல்லோர் வீட்டிலும் அரிவாள்மனை இருந்தது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"நான் காசு குடுத்து வாங்குனது மொதலாளி," என்றார் அப்பா.

"யார்ட்ட?"

"சந்தையில. தரையில கடை போட்டிருந்தான் ஒருத்தன்."

"எந்த ஊருக்காரன்?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. கத்திரிக்காய் வாங்கினாலும் நாம் கடைக்காரரின் ஊரைக் கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும் போல.

மாமா அப்பாவைக் காப்பாற்ற முனைந்தார். அதுதான் உச்சம். "ஸ்டோர் பரண்ல கெடந்திருக்கும் மொதலாளி. மாப்ளே கண்ணுல பட்டிருக்கும். எடுத்தது தப்பில்ல மாப்ளே. எடுத்தத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"நான் எடுக்கல மச்சான்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அது கொம்பு இல்ல மொதலாளி. பிளாஸ்டிக்கு. புள்ளி வைக்கையில சீப்பு நாறுச்சு."

சிரித்தார்கள். முதலாளி சிரித்தார், மாமா சிரித்தார், ஜீப்பு டிரைவர் வாசற்படியில் நின்று சிரித்தார். "புள்ள அப்பனுக்கு வக்கீலா வந்திருக்கு," என்றார் டிரைவர்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். அவர் என் கையை அழுத்தினார். சிவந்துபோன முகத்தோடு, முதலாளியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சும்மா இரு ஆத்தா. அது கொம்புதான்."

வயதுக்காரர்களே, இங்கேதான் எனக்கு அப்பாமேலும் கோபம். அந்தக் கூடத்தில் அவரை விடுவிக்கக்கூடிய ஒரே வார்த்தையை அவரே அடைத்தார். பிளாஸ்டிக் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அது துரை காலத்துக் கத்தி இல்லை, விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சந்தையில் ஏமாந்தவர் என்று அத்தனை பேர் முன்னால் ஆகியிருப்பார். அவர் அப்படிக் கணக்குப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் நம்பினார். முதலாளி நம்பியதையும் மாமா நம்பியதையுமே அவரும் நம்பினார். ஒரு பொய்யைச் சந்தைக்காரன் ஒருவன் சொல்ல, மூன்று பெரிய மனிதர்கள் அதன்மேல் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

முதலாளி அன்று முடிவு எதுவும் சொல்லாததால் அப்பா கத்தியோடுதான் வீடு திரும்பினார். சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "குடுத்துட்டு வாங்க. ஒரு கத்திதான."

"என் கத்திய நான் எதுக்குக் குடுக்கணும்?"

"எங்க அண்ணன் மொகத்துக்காக. அது அங்க நிக்க முடியாம நிக்குது."

அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் அவள் தேடிய சின்ன வழி அது. சண்டை தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். மறுநாள் காலை அப்பா பங்களாவுக்குப் போய்க் கத்தியை வைத்துவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் முதலாளி சொன்ன வார்த்தை லயத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. "எடுக்காதவன் எதுக்குக் கொண்டாந்து குடுக்கப்போறான்?"

போலீசுக்குப் போகவில்லை, அது அவர் பெருந்தன்மையாம். வேலையை விட்டு மலையிலிருந்து இறங்கச் சொன்னார். மூட்டை ஏற்றின லோடு ஜீப்பில், ஏலக்காய் மூட்டைகள்மேல் உட்கார்ந்து இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். ஜீப்பு கிளம்புவதற்கு முன் மாமா அப்பாவின் தோளில் கை வைத்து, "ஒரு பெரிய கண்டத்துலருந்து ஒங்களக் காப்பாத்திவிட்டிருக்கேன் மாப்ளே," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். உண்மையான தண்ணீர். சாகும்வரை அவர் அதை நம்பினார்.

போடியில் அப்பா ஏலக்காய்க் கிடங்குகளில் மூட்டை தூக்கினார். கதை எங்களுக்கு முன்பே இறங்கி வந்திருந்தது. அவருக்குத் தொரை என்று பெயர் வைத்தார்கள். "தொரை, இந்த மூடைய வெரசா எறக்குங்க. தொரைக்கு டீ சொல்லுப்பா." கேலி முதலில் கேலியாக இருந்தது, பிறகு பழக்கமாகி, அதற்கப்புறம் பெயராகவே ஆகிவிட்டது. என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளுக்கு நான் தொரை மகள். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. இப்போது கண் மங்கி, என் வீட்டு முன்னறையில் மலையைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், அது பிளாஸ்டிக்தான் என்று. "நீ சின்னப்புள்ள, ஒனக்கென்ன தெரியும்," என்றார். எனக்கு அப்போது பேத்தியே பிறந்துவிட்டாள்.

உங்களில் ஒருத்திதான் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். குடும்பத்தோடு மலைக்குப் போய்த் தங்கினாளாம், அழகான பங்களாவாம். முதலாளியின் மகன் அதை விருந்தினர் விடுதி ஆக்கியிருக்கிறான். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு கத்தி. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடியில் மூன்று புள்ளி. கீழே ஓர் அட்டை: "வெள்ளைக்காரத் துரையின் வேட்டைக் கத்தி. மான் கொம்புக் கைப்பிடி. தோட்டத் தொழிலாளி ஒருவரால் திருடப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது." இரவில் தீ மூட்டி விருந்தினர்களுக்கு அந்தத் திருட்டைக் கதையாகச் சொல்கிறார்களாம். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறதாம்.

மறுநாளே ஜீப்பு பிடித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

முதலாளியின் மகன் நல்ல பையன். டீ கொடுத்தான். நான் ஏதோ எழுதுகிறவள் என்று தெரிந்ததும் பெட்டியைத் திறந்தான். "பாத்துப் பிடிங்க அக்கா. நூறு வருசத்துக்கு மேல இருக்கும்."

"உருவலாமா தம்பி?"

"துருப்பிடிச்சிருந்தா உடையப் போகுது."

உருவினேன். சாளரத்து வெளிச்சத்தில் அலகு மீன் மாதிரி மின்னியது. அவன் புருவம் உயர்ந்தது. அவனும் அதுவரை உருவியதில்லை. அவன் அப்பாவும் உருவியதில்லை போல.

அடுத்து நான் அவனிடம் சொன்னதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்பீர்கள். படிக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பழைய இரும்புக் கடை முன்னால் என் கால் நின்றுவிடும். கொம்புப் பிடிகளை, எலும்புப் பிடிகளை, மரப் பிடிகளை வருடக் கணக்கில் தடவிப் பார்த்திருக்கிறேன், இந்த ஒரு கத்தியை மனசில் வைத்துக்கொண்டு.

"துரை காலத்து எஃகு இந்த மழையில இப்பிடி இருக்காது தம்பி. அம்மை போட்ட மூஞ்சி மாதிரி குழிகுழியா இருக்கும். அலகுல இருக்கிற எழுத்தப் பாருங்க. இந்தியாவில் செய்ததுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அது மட்டும் பத்தாது, துரை காலத்துலயும் நம்ம நாட்டுல கத்தி அடிச்சாங்க. பிடியத் திருப்புங்க. நகத்தால தடவுங்க, முதுகுல."

தடவினான். "ஏதோ கோடு மாதிரி தட்டுது."

"ரெண்டு பாதி அச்சு சேர்ற இடம். உருக்கி ஊத்துனது. மான் தலையில கொம்பு அச்சுல ஊத்தியா முளைக்கும்? இந்தப் பக்கம் இருக்கிற பள்ளத்தையும் அந்தப் பக்கத்தையும் பாருங்க. ஒரே பள்ளம், ஒரே இடத்துல. எந்த மானுக்கும் அப்பிடி இருக்காது. உறையத் தச்சிருக்கிற நூல் நைலான். துரை கப்பலேறினப்ப நம்ம சந்தையில நைலான் நூலே கெடையாது."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தினர் குடும்பம் காதைத் தீட்டியது. ஓர் அம்மா, "பிளாஸ்டிக்காமே," என்று கணவரிடம் சொன்னது கேட்டது. பையன் முகம் சுருங்கினான்.

"அப்ப இதுக்கு மதிப்பே இல்லையா அக்கா?"

"எதுக்கு மதிப்பு?"

"கத்திக்குத்தான். நீங்க வேணும்னா எடுத்துட்டுப் போங்க. கொச்சியில பழைய சாமான் கடை நெறைய இருக்கு. நெசமான ஒண்ணு வாங்கி மாட்டிக்கிடுறேன்."

"அட்டை?"

"அட்டை இருக்கட்டும் அக்கா. வர்றவங்களுக்கு அந்தக் கதைதான பிடிக்குது."

கத்தி பொய் என்றால் கத்தியை மாற்றுவான். திருடன் அப்படியே இருப்பான். கத்தியை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

"கத்தி இங்கயே இருக்கட்டும் தம்பி. நான் கத்திக்கு வரல. அந்தக் கதையில வர்ற தொழிலாளி எங்க அப்பா. போடியில உயிரோட இருக்காரு. சந்தையில காசு குடுத்து வாங்கி, அடுப்புல ஆணி காய்ச்சி அந்த மூணு புள்ளிய வச்சவரு. உங்க விருந்தாளிக கேக்கட்டும், சத்தமாவே சொல்றேன்."

சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் நின்றிருந்தது. அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாது அக்கா. அப்பா சொன்னதத்தான் எழுதிவச்சேன்."

"தெரியும். உங்கள நான் சொல்லல."

வெளியே மேகம் இறங்கிவிட்டது. டிரைவர் ஹாரனை அடித்து, "ஏக்கா, ரோடு மறையுது, போலாம்," என்றார். அவன் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜீப்பு வரைக்கும் என்னோடு வந்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கதவோரம் குனிந்தான்.

"அப்பா பேரு என்னக்கா? அவரு கத்தின்னே போட்டுருவோம்."

"மொதல்ல அந்தத் 'திருடப்பட்டு'ங்கிறத அடிங்க தம்பி. அது இருக்கிற அட்டையில அப்பா பேரு ஏற வேண்டாம். அடிச்சுட்டுச் சொல்லிவிடுங்க, பேரச் சொல்ல நான் அப்பறமா வர்றேன்."